ஒரு காந்தாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கேள்வி இது: “இசையில் முதுகலை முடித்திருக்கிறேன். பத்து ஆண்டுகளாக வாய்ப்பாட்டும் கற்று வருகிறேன். பண் காலத்தில் தொடங்கி, கீர்த்தனை வழியாகத் திரையிசை வரை ராகங்களை ஒப்பிட்டுப் பகுப்பாய்வு செய்து முனைவர் பட்டம் பெற ஆசை. நெறியாளரோ, ‘ஒரு காலம், ஒரு வகை என்று சுருக்கிக்கொள்’ என்கிறார். அவர் சொல்வது சரியா? எங்கே தொடங்குவது?”

உங்கள் நெறியாளர் சுருக்கச் சொன்னது சரி. ஆனால் எதைச் சுருக்குவது என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. காலத்தைச் சுருக்க வேண்டாம், கேள்வியைச் சுருக்குங்கள். “ராகங்களின் வளர்ச்சி” என்று தலைப்பு வைத்தால் ஆயிரம் பக்கம் எழுதியும் ஒன்றும் நிறுவ முடியாது. ஒரு ராகத்தின் ஒரே ஒரு சுரத்தை, காந்தாரம் என்னும் ‘க’வை என்று வைத்துக்கொள்வோம், எடுத்துக்கொண்டு மூன்று காலங்களைக் கடந்தால், இருநூறு பக்கத்தில் யாரும் மறுக்க முடியாத ஒன்றையாவது சொல்லிவிடலாம்.

காலங்களையும் வகைகளையும் தாண்டி ஆய்வு செய்தவர்களில் நான் மிகவும் மதிப்பவர் ஹெரால்ட் பவர்ஸ். அமெரிக்கரான இவர் தென்னிந்தியாவுக்கு வந்து கர்நாடக இசை பயின்றார். தென்னிந்திய ராக அமைப்பின் பின்புலத்தை ஆராய்ந்து 1959-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்தார். 1981-இல் மறுமலர்ச்சிக் கால ஐரோப்பியப் பல்குரல் இசையின் ‘மோடு’களை (நம் ராகத்தை ஓரளவு ஒத்த சுர வகைகளை)ப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1991-இல் வில்லியம் ஆஷ்புரூக்குடன் சேர்ந்து புச்சீனியின் ‘துராந்தோத்’ ஓபராவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றுக்கும் தொடர்பில்லை. கூர்ந்து படித்தால் ராகம் படித்த மனிதர் ஐரோப்பிய இசையை எப்படிக் கேட்டார் என்பது அந்த 1981 கட்டுரையில் தெரியும்.

அதன் சாரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஆய்வுக்கு அதுதான் அடித்தளம். ஐரோப்பியக் கோட்பாட்டாளர்கள் தங்கள் தேவாலய இசையை எட்டு மோடு என்றும் பன்னிரண்டு மோடு என்றும் வகுத்து வைத்திருந்தார்கள். பிற்கால ஆய்வாளர்கள் ஒவ்வொரு பாடலுக்குள்ளும் ஒரு மோடு இயல்பாகவே குடியிருப்பதாக நினைத்தார்கள். பவர்ஸ் கேட்டது எளிய கேள்வி: ஏட்டில் கண்ணுக்குத் தெரிவது என்ன? எந்தக் கிளெஃப் குறிகளில் (கோடுகளில் எது எந்தச் சுரம் என்று காட்டும் குறிகளில்) எழுதியிருக்கிறார்கள், தொடக்கத்தில் சுரத்தை அரைப்படி இறக்கும் ஃபிளாட் குறி இருக்கிறதா, பாடல் எந்தச் சுரத்தில் முடிகிறது என்ற மூன்றும்தான். இவை பாடலின் குணங்கள். மோடு என்பது அந்தக் குணங்களின்மேல் ஒருவர் ஏற்றிச் சொல்லும் வகைப்பெயர். ஒரே குணங்கள் கொண்ட பாடல்களை இரண்டு வேறு மோடுகளின் பெயரால் வகுப்பதும் உண்டு. வகைப்பெயரை இசையின் உயிர் என்று நம்பிவிடக் கூடாது என்றார் அவர்.

நம் இசையில் இதே எச்சரிக்கைக்குப் பழைய சான்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி சதுர்தண்டிப் பிரகாசிகை என்ற நூலில் 72 மேளங்களை, அதாவது ராகங்களை வகுப்பதற்கான ஏழு சுர வரிசைகளை, கணக்கிட்டுக் காட்டினார். தம் காலத்தில் வழக்கில் இருந்தவை என்று அவர் விவரித்தவையோ 19 தான். மற்றவை கணக்கு திறந்துவிட்ட இடங்கள். அந்த இடங்களைப் பின்னாளில் இசையமைத்தவர்கள் நிரப்பினார்கள். கோட்பாடு இசைக்கு முன்னால் நடந்த அபூர்வமான நிகழ்வு அது. அதனாலேயே மேளப் பட்டியலைப் பார்த்து ராகத்தின் வரலாற்றை எழுதுவது ஆபத்தானது. நான் பார்த்த பலவீனமான ஆய்வேடுகள் எல்லாம் இந்தப் பள்ளத்தில்தான் விழுந்திருக்கின்றன. ஆரோகணம், அவரோகணம், மேள எண், இன்னின்ன பாடல்கள் என்று அட்டவணை போட்டு, அடுத்த காலத்துக்கும் அதேபோல் ஒன்று போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘ஒப்பீடு’ என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அங்கே ஒப்பிடப்பட்டது இரண்டு பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டுகள். ஒலி எங்கேயும் இல்லை.

இனி சாட்சிகளைப் பற்றி. ஒவ்வொரு காலமும் தன் இசையை ஒவ்வொரு விதமான பொருளில் விட்டுச் சென்றிருக்கிறது. ஒவ்வொரு பொருளும் சிலவற்றைச் சொல்லும், சிலவற்றை மறைக்கும். உங்கள் ஆய்வேட்டின் முதல் இயல் முழுவதையும் இதற்கே ஒதுக்கலாம்.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று அவர்களுக்கே சுரங்களின் பெயர். குரலை ஒவ்வோர் இடமாக மாற்றிக்கொண்டே போனால் பாலை எனப்படும் ஏழு சுர வரிசைகள் பிறக்கும். இன்றைய மொழியில் சொன்னால் கிரகபேதம். அவற்றில் ஒன்றான செம்பாலையை ஹரிகாம்போதி என்று கொண்டால் ரிஷபத்திலிருந்து நடபைரவி, மத்திமத்திலிருந்து சங்கராபரணம், பஞ்சமத்திலிருந்து கரகரப்பிரியா, தைவதத்திலிருந்து தோடி, நிஷாதத்திலிருந்து கல்யாணி வரும். காந்தாரத்திலிருந்து வருவது பஞ்சமம் இல்லாமல் இரண்டு மத்திமங்களோடு நிற்கும். நாதஸ்வரத்திலோ வீணையிலோ நீங்களே ஒரு மாலைப் பொழுதில் சரிபார்த்துவிடலாம். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தொடக்கத்தை எங்கே வைத்தாலும் கிடைப்பது அதே ஏழுதான், வரிசைதான் சுழலும். செம்பாலை எது என்ற நெடுங்கால வாதம் வட்டத்தின் எந்தப் புள்ளியில் நிற்பது என்பதைப் பற்றியது, வட்டத்தைப் பற்றியது அன்று. பாடகரும் அறிஞருமான எஸ். ராமநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1974-இல் அளித்த ஆய்வேடு சிலப்பதிகார இசையைப் பற்றியதுதான். ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் (1917), விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் (1947) ஆகியவற்றோடு சேர்த்து அதைப் படியுங்கள். மூவரும் கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள். ஆனால் அந்தக் காப்பியம் உங்களுக்குத் தருவது சுர இடைவெளிகளின் எலும்புக்கூடு மட்டும். மாதவி யாழில் அந்தச் சுரத்தை எப்படி அசைத்தாள் என்று அது சொல்லாது. ‘சங்க காலக் கரகரப்பிரியா’ என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதினால்கூட வாய்மொழித் தேர்வில் அது உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

புதுக்கோட்டை அருகே குடுமியான்மலைக் கல்வெட்டு இன்னும் ஆச்சரியமானது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதில் கிராம ராகங்கள் எனப்படும் ஏழு பழைய ராகங்களின் சுரக்கோவைகள் நான்கு நான்கு சுரங்களாகக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரே சுர எழுத்து அ, இ, உ, எ என்று உயிரொலி மாறி மாறி வருகிறது. அந்த உயிரொலிகளுக்கு என்ன பொருள் என்பதில் அறிஞர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. சுரங்களின் அடுத்தடுத்த வரிசை தெரிகிறது. தாளம் தெரிவதில்லை, அசைவும் தெரிவதில்லை. பழைய இந்திய இசையை ஆராய்ந்த ரிச்சர்ட் விட்டெஸ் இதை எவ்வளவு பொறுமையாகப் படித்திருக்கிறார் என்று பாருங்கள். அறியாததை நிரப்பாமல் அறிந்ததை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது நல்ல பாடம்.

தேவாரத்துக்கு வருவோம். நட்டபாடை என்ற பண்ணை நாட்டை ராகத்திலும், கொல்லியை நவரோஜிலும், சாதாரியைப் பந்துவராளியிலும் ஓதுவார்கள் இன்று பாடுகிறார்கள். இது உயிருள்ள மரபு, அதன்மேல் எனக்கு ஆழ்ந்த பற்று உண்டு. அந்தப் பற்றோடுதான் சொல்கிறேன்: ஓதுவாரின் குரல் இன்றைய பண்ணுக்குச் சாட்சி. சம்பந்தர் காலத்துப் பண்ணுக்கு அதை நேரடிச் சாட்சியாக வைக்க முடியாது. அந்த மரபையே தனியாக, ஓதுவார் பள்ளிகளுக்கு இடையே பாடமுறை எப்படி வேறுபடுகிறது என்று ஆராய்ந்தால் அது அருமையான தலைப்பு.

ஆகவே உங்கள் ஒப்பீடு உண்மையில் தொடங்கக்கூடிய இடம் 1904 என்பது என் எண்ணம். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி அந்த ஆண்டில் தெலுங்கு எழுத்தில் அச்சானது. சுரங்களுக்கு மேலேயும் பக்கத்திலும் கம்பிதம், ஜாரு முதலான கமகங்களுக்கு, அதாவது சுரத்தை அசைக்கும் முறைகளுக்கு, தனிக் குறிகள் இட்டு ஆயிரக்கணக்கான வரிகளை அவர் எழுதி வைத்தார். முதல்முறையாக, ஒரு சுரம் எப்படி அசைய வேண்டும் என்பதைக் காகிதம் சொல்ல முயன்றது. ஒரு குடும்பத்தின் பாடாந்தரம், அதாவது வழிவழியாக வந்த பாடமுறை, என்பதை மறக்காமல் படித்தால், அதற்கு இணையான சாட்சி நம்மிடம் வேறில்லை.

அந்த நூலிலிருந்துதான் உங்களுக்கு ஒரு தலைப்பைச் சொல்லப் போகிறேன். அது சஹானா. இன்று எந்த மாணவரைக் கேட்டாலும் சஹானா 28-ஆம் மேளமான ஹரிகாம்போதியின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்), அதன் காந்தாரம் அந்தர காந்தாரம் என்று சொல்லிவிடுவார். சுப்பராம தீட்சிதர் அதை 22-ஆம் மேளத்தின் கீழ், ஸ்ரீராகத்தின் குடும்பத்தில் வைத்திருக்கிறார். அந்த மேளத்துக்குரியது அந்தர காந்தாரத்தைவிட அரை சுரம் தாழ்ந்த சாதாரண காந்தாரம். அப்படியானால் இடையில் மாறியது காந்தாரமா, பெட்டியா? பாடுகிறவர்கள் காந்தாரத்தின் இடத்தை மெல்ல மெல்ல மேலே தூக்கினார்களா? அல்லது சுரம் அங்கேயேதான் அசைந்துகொண்டிருந்ததா, வகுப்பவர்கள்தான் விதியை மாற்றினார்களா? பவர்ஸ் மோடுகளைப் பற்றிக் கேட்ட கேள்வியேதான் இது. நூலின் மேளத் தலைப்பைப் பார்த்துப் பதில் சொல்லிவிடக் கூடாது. சஹானாவில் அவர் எழுதியிருக்கும் ஒவ்வொரு காந்தாரத்தையும் எண்ணி, முன்னும் பின்னும் என்ன சுரம், என்ன கமகக் குறி என்று பிரித்துப் பாருங்கள். பிறகு முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள், வர்ணங்கள், பதங்கள் ஆகியவற்றை வெவ்வேறு பாடாந்தரக்காரர்களிடம் கேளுங்கள். பதங்களைத் தவறவிடாதீர்கள். மெதுவான காலப்பிரமாணத்தில் காந்தாரம் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அடுத்த சாட்சி இசைத்தட்டு. இங்கேதான் நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது அடிபட்டேன். பழைய தட்டுகளில் காலப்பிரமாணம் இன்றைவிட விறுவிறுப்பாக இருந்தது என்று நிறுவ ஒரு தொகுப்பாளரின் நகல்களை வைத்து ஆறு மாதம் அளந்தேன். அந்த நகல்கள் எந்த வேகத்தில் சுழற்றி எடுக்கப்பட்டன என்று நான் கேட்கவே இல்லை. 78 சுற்று என்று நாம் சொல்லும் தட்டுகள் எல்லாம் சரியாக 78-இல் பதிவானவை அல்ல. நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிந்த தட்டை 82 சுற்றில் ஓட்டினால் சுருதி 87 சென்ட் ஏறும். அரை சுரம் என்பது நூறு சென்ட். அதாவது ஒரு கட்டையில் பாடியவர் ஏறக்குறைய ஒன்றரைக் கட்டையில் பாடியதாகக் கேட்கும். காலப்பிரமாணம் ஐந்து சதவீதம் கூடும், கமகத்தின் அசைவும் அதே அளவு வேகப்படும். என் ஆறு மாத அளவீடுகளை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டியதாயிற்று. உங்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. வேகம் மாறினாலும் ஷட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையிலான விகிதம் மாறாது. சஹானாக் கேள்விக்குத் தட்டு நம்பகமான சாட்சி, வேகத்தைப் பற்றிய கேள்விக்கு அல்ல. கேள்வியும் சாட்சியும் பொருந்த வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

தட்டின் இன்னொரு மறைப்பு நீளம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். கிருதியை இரண்டு பக்கத்தில் அடக்க சங்கதிகளை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களை)க் குறைத்தார்கள், ஆலாபனையை நறுக்கினார்கள். அதைக் கேட்டுவிட்டு அக்காலத்தில் ஆலாபனை சுருக்கமாகத்தான் இருந்தது என்று எழுதுவது, தபால் அட்டையைப் பார்த்துவிட்டு அந்த மனிதருக்கு நான்கு வரிக்குமேல் எழுதத் தெரியாது என்று சொல்வதைப் போன்றது.

அளப்பதைப் பற்றி. ஒலிக்கோப்பிலிருந்து சுருதிக்கோடு வரைந்து தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மொழியியலாளர்களுக்காக ஆம்ஸ்டர்டாமில் உருவான பிராட், லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் சோனிக் விஷுவலைசர் இரண்டும் போதும். கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆகும். குரலோடு வயலினும் தம்புராவும் கலந்திருந்தால் மென்பொருள் ஏமாறும், குரல் என்று நினைத்து வயலினைப் பின்தொடரும். பழைய தட்டுகளில் ஆர்மோனியமும் சேர்ந்துகொள்ளும். பார்சிலோனாவில் சேவியர் செர்ராவின் தலைமையில் நடந்த காம்ப்மியூசிக் திட்டம் கர்நாடகக் கச்சேரிகள் பலவற்றைக் குரல், வயலின், மிருதங்கம் என்று தனித்தனி ஒலித்தடங்களாகவே ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. அதில் சென்னை ஐ.ஐ.டி.யின் பங்கும் உண்டு. முதலில் அவற்றில் பழகிவிட்டுத் தட்டுகளுக்குப் போங்கள்.

கோடு கையில் வந்ததும் ஒரு சோதனை வரும். தோடியின் காந்தாரத்தை அளந்து பாருங்கள். ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே கோடு ஊசலாடிக்கொண்டே இருக்கும், பாடநூல் சொல்லும் காந்தாரத்தின் இடத்தில் அது நிலைகொள்ளாது. அதன் சராசரியைக் கணக்கிட்டு ‘தோடிக் காந்தாரம் இத்தனை சென்ட்’ என்று எழுத உங்கள் கை துடிக்கும். எழுதாதீர்கள். அந்த எண்ணில் யாரும் பாடவில்லை. பாடுகிறவரும் கேட்கிறவரும் அந்த ஊசலாட்டம் முழுவதையும் சேர்த்து ‘க’ என்கிறார்கள். சுரம் என்ற பெயரே அங்கே ஒரு வகைப்பெயர். எங்கே தொடங்குகிறது, எந்த உயரம் வரை போகிறது, எத்தனை முறை அசைகிறது, எங்கே இறங்கி அடுத்த சுரத்தைத் தொடுகிறது என்று வடிவத்தை விவரியுங்கள். புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதன் 1975-இல் வெஸ்லியனில் ராக ஆலாபனையைப் பற்றி அளித்த ஆய்வேடு மென்பொருள் இல்லாத காலத்தது. சொற்கட்டு சொற்கட்டாகப் பிரித்துப் பார்க்கும் அந்தக் காது எந்த வரைபடத்துக்கும் முன்னால் உங்களுக்கு வேண்டும். வீணை தனம்மாளின் பேரன் அவர். பாடாந்தரத்துக்குள் வளர்ந்தவர் அதை வெளியிலிருந்தும் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

திரையிசைக்கு வருகிறேன், உங்கள் ஆசையில் மிகவும் துணிச்சலான பகுதி இது. ‘இந்தப் பாடல் இந்த ராகம்’ என்ற பட்டியல்கள் போதுமான அளவு வந்துவிட்டன. இனி ஒன்று கூடச் சேர்ந்தாலும் அறிவு வளராது. கச்சேரியில் ஒரு கிருதி ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாடப்படுகிறது. திரைப்பாடலில் அந்த ஒலிப்பதிவே படைப்பு. அடியில் பேஸ் கிட்டாரும் கார்டுகளும் வயலின் கூட்டமும் நிற்கின்றன. ராகமோ அசைகிற சுரத்தில் உயிர் வாழ்வது, கார்டோ நிலைத்த சுரங்களின் அடுக்கு. இரண்டும் ஒரே நொடியில் சந்திக்கும்போது யார் விட்டுக்கொடுக்கிறார்கள்? கார்டு நிற்கும் இடத்தில் பாடகர் காந்தாரத்தின் அசைவைக் குறைக்கிறாரா? தனிக்குரலாக வரும் தொகையறாவில் முழுதாக அசைக்கிறாரா? இசையமைப்பாளர் அந்த இடத்தில் கார்டை எடுத்துவிட்டு வெறும் ஆதார சுருதியை மட்டும் வைக்கிறாரா? சஹானா சாயலுள்ள பத்துப் பாடல்களை எடுத்துக்கொண்டு இதை அளந்தால், 1904-இன் கமகக் குறியிலிருந்து ஒலிப்பதிவுக்கூடத்து மைக் வரை ஒரே நூல் ஓடும். அப்போது மூன்று காலங்களும் உங்கள் ஆய்வேட்டில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும். நெறியாளரும் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. எம்.ஃபில். இனி இல்லை. அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் இசைக் கோட்பாட்டுத் துறையும் இன இசையியல் துறையும் வெவ்வேறு என்பதைக் கவனியுங்கள். நீண்ட காலமாக முன்னதில் பாஹும் பீத்தோவனும், பின்னதில் நாமும் இருந்தோம். 2006-இல் மைக்கேல் டென்சர் தொகுத்த உலக இசைப் பகுப்பாய்வு நூலுக்குப் பிறகு அந்தச் சுவர் தளர்ந்து வருகிறது. பெயரைப் பார்க்காமல், கமகத்தைக் காதால் கேட்டுத் திருத்தக்கூடிய ஒருவராவது ஆய்வுக்குழுவில் இருப்பாரா என்று பாருங்கள். அப்படி ஒருவர் இல்லாத பெரிய பல்கலைக்கழகத்தைவிட, அவர் இருக்கும் சிறிய இடம் மேல்.

தெலுங்கு எழுத்து தெரியாவிட்டால் இன்றே தொடங்கிவிடுங்கள். மியூசிக் அகாடமியின் தமிழ்ப் பதிப்பு இருக்கிறது, படிக்க அது போதும். ஆனால் ஒரு கமகக் குறி எந்தச் சுரத்தின் தலைமேல் நிற்கிறது என்ற சந்தேகம் வரும்போது மூல அச்சைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அந்தச் சந்தேகம் கட்டாயம் வரும். எழுத்துப் பழகியதும் சஹானாவின் பக்கங்களை மட்டும் நகலெடுத்து, காந்தாரம் வரும் ஒவ்வோர் இடத்தையும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பிறகு உங்கள் குருவின் முன்னால் உட்கார்ந்து, குறி சொல்கிறபடியே அந்த வரிகளைப் பாடிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் “இது சஹானா இல்லையே” என்று நிறுத்துகிறாரோ, அந்த இடத்தைத் தேதியோடு குறித்துக்கொண்டு நெறியாளரிடம் போங்கள்.